தொடரில் ஒரு பாகம் மட்டும் ஓங்கி நிற்க, மற்றவை மறைந்துபோவது எதனால்?

கேள்வி: மோரோவிண்ட்வாசி

அனைவருக்கும் வணக்கம்.

சில வீடியோ கேம் தொடர்களில் எத்தனை பாகங்கள் வந்திருந்தாலும், பேச்சு எழும்போதெல்லாம் ஒரே ஒரு பாகத்தின் பெயர்தான் அடிபடுகிறது. எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரில் அரீனா (1994), டாகர்ஃபால் (1996), மோரோவிண்ட் (2002), ஆப்லிவியன் (2006) ஆகிய நான்கு முதன்மைப் பாகங்கள் வந்த பின்னரே 2011 நவம்பரில் ஸ்கைரிம் வெளியானது. இருந்தும், அது ஒரு தொடரின் ஐந்தாவது பாகம் என்பதையே அறியாமல் ஆடி முடித்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். தி விட்சர் தொடரிலும் இதே நிலைதான். 2007இல் வந்த முதல் பாகத்தையும் 2011இல் வந்த இரண்டாவது பாகத்தையும் தொடாதவர்கள், 2015இல் வந்த மூன்றாவது பாகத்தை எண்ணைக்கூடச் சேர்க்காமல் 'விட்சர்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள்.

எந்தப் பாகம் சிறந்தது என்று நான் கேட்கவில்லை. அந்த வழக்கு வேறு திரிகளில் வேண்டிய மட்டும் நடந்திருக்கிறது. எனக்கு இருப்பவை இரண்டு ஐயங்கள். 'மூத்தது மோழை, இளையது காளை' என்ற பழமொழிக்கு ஏற்ப, இப்படி ஓங்கி நிற்பது பெரும்பாலும் முதல் பாகமாக இல்லாமல் பின்னால் வந்த ஒன்றாக இருப்பது ஏன்? அந்த ஓங்கல் முழுவதும் தரத்தினால் மட்டுமே வருகிறதா?

இரண்டாவது ஐயத்தை எழுப்பியது மோரோவிண்ட். ஸ்கைரிமை ஆடிய பிறகே அதற்குச் சென்றேன். போக வேண்டிய இடத்தைத் திரையில் அம்புக்குறியிட்டுக் காட்டும் வழக்கம் அதில் இல்லை. 'ஆற்றைக் கடந்து வடக்கே போ, பாறைகள் இரண்டு எதிரெதிரே நிற்கும் இடத்தில் கிழக்கே திரும்பு' என்கிற வகையில் ஊரார் சொல்வதை நாட்குறிப்பில் படித்து, நிலத்தை நாமே பார்த்து நடக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போவதற்குச் சில்ட் ஸ்டிரைடர் என்னும் மாபெரும் பூச்சியின் முதுகில் ஏற வேண்டும். வாள் எதிரியின் உடலில் படுவது கண்ணுக்குத் தெரிந்தாலும், உள்ளே உருளும் பகடை தோற்றால் அடி விழாது; இது பலரை விரட்டிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த உலகத்தின் விநோதமும், அரசியலும் சமயமும் பின்னிக் கிடக்கும் கதையும் ஸ்கைரிமில் எனக்குக் கிடைக்கவில்லை. தரம்தான் அளவுகோல் என்றால் இந்த விளையாட்டு இவ்வளவு தூரம் குடத்திலிட்ட விளக்காக ஆகியிருக்கக் கூடாது. உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.


பதில் 1: பழையகார்ட்ரிட்ஜ்

நல்ல கேள்வி. என் கணிப்பில், ஒரு பாகம் ஓங்கி நிற்பதற்கான முதற்காரணம், அது எத்தனை பேருக்கு அந்தத் தொடரின் வாசலாக அமைந்தது என்பதே.

பைனல் பேண்டசி 7 இதற்குச் சரியான சான்று. 1987 முதல் 1994 வரை வந்த ஆறு முதன்மைப் பாகங்களும் நிண்டெண்டோவின் கருவிகளில் வந்தவை. ஆனால் ஜப்பானுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அவை முறையாகச் சென்று சேரவே இல்லை. வட அமெரிக்காவில் இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது பாகங்கள் அந்நாளில் வெளியாகவில்லை என்பதால், அங்கே நான்காவது பாகம் 'இரண்டு' என்றும் ஆறாவது பாகம் 'மூன்று' என்றும் பெயர் மாற்றி விற்கப்பட்டன. பிறகு 1997இல் எண்ணை மாற்றாமலேயே ஏழாவது பாகம் வந்தபோது, அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு மூன்றிலிருந்து நேரே ஏழுக்குத் தாவியதாகத் தோன்றியது. ஐரோப்பாவிலோ முதன்மைத் தொடரில் அதிகாரபூர்வமாக வெளியான முதல் பாகமே ஏழாவதுதான். ஆக, உலகின் பெரும்பகுதிக்கு அது தொடரின் ஏழாவது அத்தியாயமாக வரவில்லை, தொடக்கமாகவே வந்தது. முன்னால் இருந்தவை 'மறைந்துபோயின' என்று சொல்வதே பொருந்தாது. அவர்கள் கண்ணில் அவை படவே இல்லை.

இதனோடு தொழில்நுட்பத் தாவலும் சேர்ந்துகொண்டது. கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு போதாது என்று ஸ்கொயர் நிறுவனம் நிண்டெண்டோவை விட்டு பிளேஸ்டேஷனுக்குப் போனது. விளையாட்டு மூன்று குறுந்தகடுகளில் வந்தது. தட்டையான சிறு உருவங்களுக்குப் பதில் முப்பரிமாணப் பாத்திரங்களும், இடையிடையே திரைப்படம் போல ஓடும் காட்சிகளும் இருந்தன. ஏரித் கொல்லப்படும் காட்சியைப் பற்றி இன்றும் பேசுகிறோம். ஆனால் முக்கியப் பாத்திரங்கள் இறப்பது அந்தத் தொடருக்குப் புதிதல்ல. ஐந்தாவது பாகத்தில் கலூஃப் இறப்பதும் மனத்தை உலுக்கும் காட்சிதான். கலூஃபுக்கு அழுதவர்கள் அந்நாளில் பெரும்பாலும் ஜப்பானியர்கள். ஏரித்துக்கு உலகமே அழுதது. உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு இதைவிடத் தெளிவான விடை என்னிடம் இல்லை.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சற்று வேறுபட்ட கதை. 1987இல் வந்த முதல் பாகத்தில் முதல் ஆட்டக்காரர் ரியூ, இரண்டாமவர் கென். வேறு எவரையும் தேர்ந்தெடுக்க முடியாது. ஹடோக்கன் போன்ற சிறப்பு அடிகள் அதிலேயே இருந்தன என்றாலும், நினைத்த நேரத்தில் அவற்றைப் போடுவது குதிரைக்கொம்பு. 1991இல் வந்த இரண்டாவது பாகம் எட்டுப் பேரைத் தந்தது, ஒவ்வொருவருக்கும் தனி ஆட்டமுறை தந்தது, கைக்கு இணங்கும் கட்டுப்பாடும் தந்தது. அடிகளைத் தொடுத்து அடுக்கும் 'காம்போ' என்னும் முறை, வடிவமைப்பாளர்கள் திட்டமிடாமலேயே அதில் முளைத்தது. இன்று சண்டை விளையாட்டு என்ற வகையே அதன் மேல்தான் நிற்கிறது. இங்கே முதல் பாகம் மறைந்துபோனது நியாயம் என்றே சொல்வேன்.

நியாயமில்லாதது மூன்றாவது பாகத்துக்கு நேர்ந்தது. இரண்டாவது பாகத்தையே 1994 வரை புதுப்பித்துப் புதுப்பித்து விற்ற கேப்காம், 1997இல் மூன்றாவதைக் கொண்டுவந்தபோது ரியூ, கென் இருவரைத் தவிர ஏனைய பழைய முகங்களை நீக்கிவிட்டுப் புதியவர்களைக் கொண்டு நிரப்பியது. துணிச்சலான முடிவு. எதிரியின் அடி விழும் கணத்தில் முன்னால் தட்டி அதைத் தடுக்கும் 'பாரி' முறை ஆட்டத்துக்கே புது நுட்பம் சேர்த்தது. ஆயினும் இரண்டாவது பாகத்தின் வீராங்கனை சுன்-லியைத் தேடி வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். 1999இல் வந்த தேர்ட் ஸ்ட்ரைக் பதிப்பில்தான் அவர் திரும்பி வந்தார். 2008இல் நான்காவது பாகம் வந்தபோது இரண்டாவது பாகத்தின் பழைய அணி முழுவதையும் நிறுவனம் மறுபடி வரிசையில் நிறுத்திவிட்டது.


பதில் 2: எட்டுபிட்

முன்னவர் சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் இங்கே இரு வேறு பொருள்களைக் கலந்துவிடக் கூடாது. அதிகம் விற்ற பாகம் ஒன்று. மற்றவற்றை மறக்கச் செய்த பாகம் வேறு. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 6 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது, தொடரின் முந்தைய எந்தப் பாகமும் அதனருகில் வராது. என்றாலும் அதனால் எவரும் மரியோ கார்ட் 64ஐ மறந்துவிடவில்லை. அந்தத் தொடரில் ஒவ்வொரு தலைமுறைக்கும் அதனதன் பாகம் உண்டு.

இன்னொன்று: இந்த நிழல் நிலையானதும் அல்ல. 1998இல் வந்த ஆக்கரினா ஆஃப் டைம், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செல்டா தொடரின் மற்ற எல்லாப் பாகங்களையும் அளக்கும் கோலாக இருந்தது. விண்ட் வேக்கர் அறிமுகப்படுத்தப்பட்டபோது அதன் கார்ட்டூன் பாணிக்கு எழுந்த எதிர்ப்பும் அந்த எதிர்பார்ப்பின் விளைவே. 2017இல் பிரெத் ஆஃப் தி வைல்ட் வந்த பிறகு, இளையவர்களிடம் செல்டா என்று சொன்னால் அவர்கள் நினைப்பது வேறொன்றை. ஆகவே ஒரு பாகம் எவ்வளவு ஓங்கியிருந்தாலும், அடுத்து வருபவர்கள் அதைப் பின்பற்றுவதை விட்டுவிட்டால் அது கீழே இறங்கக்கூடும்.


பதில் 3: மூடுபனி

ஐயா பழையகார்ட்ரிட்ஜ் வாசல் என்று சொன்னதைச் சைலண்ட் ஹில் தொடருக்குப் பொருத்திப் பார்த்தேன். ஓரளவு பொருந்துகிறது, ஓரளவு இடிக்கிறது.

2001இல் வந்த இரண்டாவது பாகம், 1999இல் வந்த முதல் பாகத்தின் கதையைத் தொடரவில்லை. ஊர் மட்டும் அதே ஊர். இறந்துபோன மனைவியிடமிருந்து கடிதம் வந்ததாக எண்ணி அங்கே வரும் ஜேம்ஸ் சண்டர்லேண்டின் கதை தனியாக நிற்கக்கூடியது. முன்கதை எதுவும் தெரியாமல் எவரும் நுழையலாம் என்பது அதன் புகழுக்கு ஒரு காரணம். விட்சர் 3, ஸ்கைரிம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். முந்தையதை ஆடாதவரையும் அவை வரவேற்கின்றன.

இடிப்பது எங்கே என்றால், 2003இல் வந்த மூன்றாவது பாகம் முதல் பாகத்தின் நேரடித் தொடர்ச்சி. சமயக் குழுவும் அதன் சடங்கும் பற்றிய கதைதான் தொடரின் மூலக்கதை. இரண்டாவது பாகத்தை மட்டும் ஆடிவிட்டு மூன்றாவதற்கு வருபவர்கள், 'இது ஏன் சைலண்ட் ஹில் போலவே இல்லை?' என்று கேட்கிறார்கள். விதிவிலக்காகப் பிறந்தது விதியாகிவிட்டது. விதியாக இருந்ததோ விலகலாகத் தோன்றுகிறது.

இதைவிட என்னை வருத்துவது பிரமிட் ஹெட்டின் கதி. இரண்டாவது பாகத்தில் அந்த உருவம் ஜேம்ஸின் குற்றவுணர்விலிருந்து பிறந்தது. தான் தண்டிக்கப்பட வேண்டும் என்ற அவனுடைய ஆழ்மன விருப்பத்துக்குக் கிடைத்த வடிவம் அது, அவனைத் தவிர வேறு எவருக்கும் அதனிடம் வேலை இல்லை. ஆனால் அந்தப் பாகத்தின் புகழ் ஏறியதும் உருவம் மட்டும் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. 2006இல் வந்த திரைப்படத்திலும், 2008இல் வந்த ஹோம்கமிங் விளையாட்டிலும் ஜேம்ஸோடு தொடர்பே இல்லாத கதைகளில் அது வந்து நின்றது. ஒரு பாகம் அளவுக்கு மீறி ஓங்கினால் அதன் நிழலில் மற்ற பாகங்கள் வாடுவது ஒருபுறம் இருக்க, அந்தப் பாகத்தின் பொருளே தேய்ந்துபோகிறது. 2024இல் வந்த ரீமேக் அந்த உருவத்தை மறுபடி ஜேம்ஸின் கதைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது ஆறுதல். ஆனால் ரீமேக் செய்ய முதலில் எடுத்ததும் இரண்டாவது பாகத்தைத்தானே என்று எவரேனும் கேட்டால் என்னிடம் மறுமொழி இல்லை.


கேள்வியாளர்: மோரோவிண்ட்வாசி

மூவருக்கும் நன்றி. மூடுபனி அவர்கள் கடைசியாகச் சொன்ன வரியில் எனக்கு ஒரு துணைக்கேள்வி எழுகிறது. ஒரு பாகம் ஓங்கி நிற்பதில் ஆட்டக்காரர்களின் நினைவுக்கு எவ்வளவு பங்கு, நிறுவனத்தின் முடிவுகளுக்கு எவ்வளவு பங்கு? ஸ்கைரிம் 2016இல் சிறப்புப் பதிப்பாகவும், 2017இல் ஸ்விட்ச் கருவியிலும் மெய்நிகர் கருவிகளிலும், 2021இல் பத்தாம் ஆண்டுப் பதிப்பாகவும் திரும்பத் திரும்ப வந்தது. மோரோவிண்டுக்கு அப்படி ஒரு வாய்ப்பு அளிக்கப்படவில்லையே?


பதில் 4: லாஸ்சாண்டோஸ்

நிறுவனத்தின் பங்கு மிகப் பெரியது என்பதே என் உறுதியான கருத்து. ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) 5ஐப் பாருங்கள். 2001இல் மூன்றாவது பாகம், 2002இல் வைஸ் சிட்டி, 2004இல் சான் ஆண்ட்ரியாஸ், 2008இல் நான்காவது பாகம், 2013 செப்டம்பரில் ஐந்தாவது என்று அந்தத் தொடர் நடந்து வந்தது. வைஸ் சிட்டியின் இசையையும் நியான் விளக்குகளையும் நினைப்பவர்களும், சான் ஆண்ட்ரியாஸின் நாயகன் சிஜேயின் குடும்பக் கதையை நினைப்பவர்களும் அதுவரை சரிசமமாக இருந்தார்கள். ஐந்தாவது பாகம் வெளியான இரு வாரங்களில், பலர் இணையவழி சேர்ந்து ஆடும் ஜிடிஏ ஆன்லைன் தொடங்கியது. அதன் பிறகு தொடரின் ஓட்டமே நின்றுவிட்டது. 2014இல் அடுத்த தலைமுறைக் கன்சோல்களுக்கும், 2015இல் கணினிக்கும், 2022இல் அதற்கும் அடுத்த தலைமுறைக்கும் அதே விளையாட்டு கொண்டுவரப்பட்டது. விற்பனை 20 கோடிப் பிரதிகளைக் கடந்தது.

நான்காவது பாகத்துக்கு 2009இல் இரண்டு துணைக்கதைகள் வந்தன, இரண்டும் அருமையானவை. ஐந்தாவது பாகத்தின் மூன்று நாயகர்களுக்கு அப்படி ஒரு துணைக்கதைகூட வரவில்லை. உழைப்பு முழுவதும் ஆன்லைன் பக்கம் திரும்பியது; அங்கேதான் பணம் கொட்டியது. முன்பு ஒரு பாகம் பழையதாவதற்குள் அடுத்தது வந்துவிடும். இப்போது ஒரு பாகத்தை ஆடி வளர்ந்த பள்ளிச் சிறுவர்கள் வேலைக்கே போய்விட்டார்கள். அவர்களுக்கு வேறு ஜிடிஏ எப்படித் தெரியும்? தொடரில் இடைவெளி நீளும் அளவுக்குக் கடைசியாக வந்த பாகம் தானாகவே ஓங்கிவிடும். ஸ்கைரிமுக்கும் இதே காரணம் பொருந்தும். ஆறாவது பாகம் வருகிறது என்று 2018இல் ஒரு சிறு முன்னோட்டம் காட்டியதோடு சரி.

இதற்கு நேரெதிர் ரெசிடென்ட் ஈவில். 2005இல் வந்த நான்காவது பாகம், நிலையான கோணங்களிலிருந்து பார்க்கும் கேமராவை விட்டு, தோளுக்குப் பின்னால் இருந்து பார்க்கும் கேமராவைக் கொண்டுவந்தது. அதைப் பார்த்துப் பிற நிறுவனங்களின் துப்பாக்கி விளையாட்டுகளும் மாறின. தொடரோ அதையே பிடித்துக்கொண்டு 2009இல் ஐந்தாவது, 2012இல் ஆறாவது என்று மேலும் மேலும் அடிதடியைச் சேர்த்துக்கொண்டே போய், அச்சம் என்ற ஒன்றையே தொலைத்தது. 2017இல் ஏழாவது பாகத்தில் ஆட்டக்காரரின் கண்வழியே பார்க்கும் கோணத்துக்கு மாறி, ஒரு பாழ்வீட்டுக்குள் நம்மை அடைத்துவைத்த பிறகுதான் அந்த நிழலிலிருந்து வெளியே வந்தார்கள்.


பதில் 5: நகரமையம்

இதுவரை யாரும் வியூக விளையாட்டுகள் பக்கம் வராததால் ஒரு குறிப்பு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ஐ ஓங்க வைத்தவர்கள் நிறுவனத்தார் அல்லர், ஆட்டக்காரர்கள். 1999இல் வெளியானது, 2000இல் கான்கரர்ஸ் விரிவாக்கம் வந்தது, அதோடு கதை முடிந்தது. 2005இல் மூன்றாவது பாகம் வந்தது. 2009இல் அதை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸே மூடப்பட்டது. அதன் பிறகும் இரண்டாவது பாகத்தை விடாமல் ஆடிவந்த ரசிகர்களில் சிலர் தாங்களாகவே ஒரு விரிவாக்கத்தை உருவாக்கினார்கள். அது 2013இல் அதிகாரபூர்வ விரிவாக்கமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2019இல் மறுபதிப்பு வந்தது, 2021இல் நான்காவது பாகம் வந்த பிறகும் இரண்டாவதற்குப் புதிய நாகரிகங்கள் தொடர்ந்து வருகின்றன. 2022இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாவில் திராவிடர் என்னும் நாகரிகமும் இராசேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்புக் கதையும் உண்டு என்பதை அறியாதவர்கள் இருந்தால் உடனே ஆடிப் பாருங்கள்.

மூன்றாவது பாகம் மோசமான விளையாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். சொந்த ஊரிலிருந்து சீட்டுகள் மூலம் உதவி வரவழைக்கும் முறை நன்றாகவே இருந்தது. ஆனால் போட்டியாக ஆடுபவர்களுக்குப் பழக்கம் என்பது ஒரு சொத்து. ஆண்டுக்கணக்கில் கை பழகிய ஓர் ஆட்டத்தை விட்டுவிட்டுப் புதியதில் கடைநிலையிலிருந்து தொடங்க எத்தனை பேர் முன்வருவார்கள்? ஸ்மாஷ் பிரதர்ஸ் தொடரில் 2001இல் வந்த மெலீக்கு இன்றும் போட்டிகள் நடப்பதும் இதனால்தான். நண்பர் லாஸ்சாண்டோஸ் எல்லாவற்றையும் நிறுவனத்தின் கணக்கில் எழுதிவிட்டார். மெலீயின் ரசிகர்களை நிண்டெண்டோ ஒருநாளும் தூண்டிவிடவில்லை, பல நேரங்களில் அவர்களைக் கண்டு முகம் சுளித்திருக்கிறது.


பதில் 6: புதியவள்

உங்கள் உரையாடலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு நடைமுறைக் கேள்வி ஒன்று. விட்சர் 3 வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் தொடங்கவில்லை. முதல் இரண்டையும் ஆடிவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?


பதில் 7: பழையகார்ட்ரிட்ஜ்

கட்டாயமில்லை அம்மா. ஆனால் இரண்டாவது பாகத்தையாவது ஆடிவிட்டுப் போனால் பலன் உண்டு. மூன்றாவது பாகத்தைத் தொடங்கும்போது, இரண்டாவது பாகத்தை ஆடிச் சேமித்த கோப்பு இருப்பதாகப் பாவிக்கவா என்று ஒரு தேர்வு கேட்கும். அதற்கு ஆம் என்றால், சற்று நேரத்தில் அரண்மனையில் நாயகன் ஜெரால்டுக்கு முகச்சவரம் நடக்கும் காட்சியில் ஓர் அதிகாரி வந்து அவனுடைய பழைய செயல்களைப் பற்றி விசாரிப்பான். இரண்டாவது பாகத்தில் எதிர்ப்பட்ட லெத்தோவை உயிரோடு விட்டாயா என்பது போன்ற கேள்விகள் வரும். உங்கள் விடையைப் பொறுத்துச் சிலர் பின்னால் கதையில் வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். இரண்டாவது பாகத்தை ஆடியவருக்கு அது பழைய கணக்கு. ஆடாதவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தொட வேண்டியதுதான். அந்தப் பாகம் மூன்றாவதைப் போல மிக நீளமானதும் அல்ல, முதல் அத்தியாயத்தின் முடிவில் நீங்கள் எடுக்கும் பக்கத்தைப் பொறுத்து இரண்டாம் அத்தியாயம் முழுவதும் வேறாகிவிடும். இந்தத் துணிச்சல் மூன்றாவதில்கூட இல்லை.

முதல் பாகத்தின் வாள்சண்டை, சுட்டியைச் சரியான தாளத்தில் தட்ட வேண்டிய ஒன்று. அதற்குப் பொறுமை இல்லையென்றால் கதைச்சுருக்கம் படித்துக்கொள்ளுங்கள். அதை ரீமேக் செய்வதாக 2022இல் அறிவித்திருக்கிறார்கள், அது வரும்போது ஆடிக்கொள்ளலாம்.